இரு மொழி அழைப்புக் குழுவின் முதல் வெற்றி

வடகரைப் பெட்டகக் கழகத்தில் எந்தப் பெட்டியும் தொலையாது. இதை நான் சொல்லவில்லை, கழகமே சொல்லியிருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையைப் பார்த்து நின்ற நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி, கீழே தரச் சான்றிதழின் முத்திரையையும் போட்டிருந்தார்கள். தொலையாத பெட்டியைத் தேடவேண்டி வந்தால் யாரைக் கேட்பது என்று பலகையில் இல்லை. அப்படி ஒரு தேவை வராது என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், சித்திரை வெயிலில், வியாசர்பாடி ரமாபாய் அந்தப் பலகைக்குக் கீழே வந்து நின்றாள். இடது கையில் பர்மா பஜாரில் வாங்கிய பழைய கைப்பேசி. வலது உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய ஒரு பெட்டி எண். அந்த எண்ணுள்ள பெட்டிக்குள் அவள் புருஷன் பாரி இருந்தான்.

பாரிக்குக் கழகத்தில் காலிப் பெட்டி கூட்டும் வேலை. கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகளிலிருந்து சரக்கை இறக்கியபின், உள்ளே கிடக்கும் அழுகல் வெங்காயம், கண்ணாடித் தூள், பேர் தெரியாத பவுடர் எல்லாவற்றையும் கூட்டி வெளியே தள்ள வேண்டும். அன்று காலை ஒரு பெட்டியைக் கூட்டி முடித்துவிட்டு, வெளியே நிழல் இல்லாததால் உள்ளேயே கொஞ்சம் தலை சாய்த்தான். யாரோ கதவைச் சாத்தினார்கள். கிரேன் வந்து பெட்டியைத் தூக்கி அடுக்கின்மேல் வைத்தது. முழித்துப் பார்த்தபோது இருட்டாக இருந்தது. கூப்பிட்டுப் பேசப் போனில் காசு இல்லை, அதனால் பெண்டாட்டிக்கு மிஸ்டு கால் கொடுத்தான். அவள் திரும்ப அழைத்தாள்.

"இன்னாமே, பயந்துக்காத. பொட்டிக்குள்ள மாட்டிகினேன். உள்ளார செவுத்துல நம்பரு போட்டுகீது, போன் வெளிச்சத்துல படிக்கிறேன், எய்திக்க. ஆபீஸாண்ட போயி நம்பரைச் சொன்னியானா ஒரு நிமிசத்துல தொறந்து வுட்ருவானுங்க. எல்லாம் கம்ப்யூட்டரு வச்சிகிறானுங்க."

கம்ப்யூட்டர் மேல் அந்த ஆளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் கூப்பிட்டதும் பாரியின் மேஸ்திரி தன் போனை அணைத்துவிட்டார். வாசலில் நின்ற போலீஸ்காரர், உள்ளே நடப்பது தன் எல்லை இல்லை என்றார். காவலாளிதான் மனசு இறங்கி ஒரு வழி சொன்னான். "எந்தப் பொட்டி எங்க கீதுன்னு கணினி மையத்துக்குத்தான் தெரியும். ரெண்டாம் மாடி. செருப்பைக் கயட்டிட்டுப் போ."

"நானே உள்ள பூந்து தேடிக்கிறேன் அண்ணா."

"ஹெல்மெட் இல்லாம யார்டுக்குள்ள வுட மாட்டாங்கமா. அப்பால, தேடறதையே இங்க நிறுத்திட்டாங்க. சர்டிபிகேட் வாங்கசொல்ல, இங்க யாரும் கையால தேட மாட்டாங்கன்னு எய்திக் குடுத்துட்டாங்க."

அவன் தோளுக்குப் பின்னால் யார்டு தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள், அவற்றுக்கு நடுவே சந்துகள், சந்துகளில் உறுமிக்கொண்டு போகும் டிரெய்லர்கள். அந்தச் சத்தத்தில் ஒரு ஆள் பெட்டியைத் தட்டினால் அவனுக்கே கேட்காது. ரமாபாய் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியேறினாள்.

கணினி மையம் இரண்டு அறைகள். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர், சுவரின் இரண்டு பக்கமும் திரை. ஒரு பக்கத்துக்குப் பழைய மொழிப் பிரிவு என்று பெயர். அங்கே கணினியிடம் ஃபோர்ட்ரான் மொழியில்தான் பேசுவார்கள். இன்னொரு பக்கம் புதிய மொழிப் பிரிவு. அவர்களுக்கு ஜாவா. இரண்டு பிரிவுக்கும் தனித்தனித் தண்ணீர்க் கேன், தனித்தனி ஆயுதபூஜை.

பழைய பிரிவிடம் 'எங்கே' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. ஃபங்ஷன் என்றால் ஒரே ஒரு வேலை மட்டும் தெரிந்த சின்ன நிரல். பெட்டி எண்ணைக் கொடுத்தால் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லும். எழுதிக் கொடுத்த வெளிநாட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனாலேயே அதன்மேல் பெரிய மரியாதை. புதிய பிரிவிடம் பெட்டிகளைக் கலர் கலராகச் சுழற்றிக் காட்டும் திரைகள் இருந்தன. எந்தப் பெட்டி எங்கே என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியாது. ஆகவே புதிய மொழி பழைய மொழியின் ஃபங்ஷனை அழைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயரும் வைத்தாகிவிட்டது. ஒருங்கிணைப்பின் முதல் கட்டமாகப் பழைய பிரிவின் கீபோர்டுகளைப் பிடுங்கி எடுத்துப் போனார்கள், யாரும் குறுக்கு வழியில் நேராகக் கேட்டுவிடக் கூடாது என்று. இரண்டாம் கட்டம் இன்னும் வரவில்லை.

புதிய பிரிவின் தலைவி ஜெயக்கொடி, ரமாபாயின் உள்ளங்கையைப் பார்த்து எண்ணைத் தட்டினார். திரையில் ஒரு செங்காவிப் பெட்டி அழகாகச் சுழன்றது.

"காலின்னு காட்டுதும்மா. காலிப் பெட்டிக்குள்ள எப்படி ஆள் இருக்க முடியும்?"

ரமாபாய் போனை அவரிடம் நீட்டினாள். "மேடம், நான் உள்ளதான் கீறேன் மேடம்" என்றது பாரியின் குரல்.

ஜெயக்கொடி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவர் சொல்றார், சரி. ஆனா பதிவுல இல்லையே."

"அந்தப் பொட்டி எங்க கீதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். நான் போயி கதவைத் தொறந்துக்கிறேன்."

"அது எங்களுக்குத் தெரியாது. அவங்களுக்குத்தான் தெரியும்." கண்ணாடிச் சுவரைப் பேனாவால் காட்டினார்.

"அப்ப அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க."

"கேக்கிறதுன்னா முறைப்படி அழைக்கணும்மா. அழைக்கிற முறை இன்னும் முடிவாகலை."

விஷயம் தலைமை இயக்குநர் தவசிமுத்துவின் காதுக்குப் போனது. அவர் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார். இரு மொழி அழைப்புக் குழு என்று ஒரு குழுவை அமைத்து இரண்டு வருஷமாக அதற்குத் தலைமை தாங்கிவந்தார். இதுவரை அழைப்பதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது. உடனே குழுவைக் கூட்டச் சொன்னார். டீயும் போண்டாவும் வந்தன. ரமாபாயை ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

"சகோதரி," என்று தவசிமுத்து ஆரம்பித்தார், "உங்கள் கணவர் எங்களுக்குச் செய்திருப்பது பெரிய உபகாரம். நிஜமான ஒரு பெட்டி, நிஜமான ஒரு எண், நிஜமான ஓர் அவசரம். இப்படி ஒரு சோதனைப் பொருள் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அவர் அங்கேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ரமாபாய்க்குப் பாதிதான் புரிந்தது. பெரிய அதிகாரி உபகாரம் என்று சொல்கிறாரே, நல்லதுதான் நடக்கும் என்று நினைத்துத் தலையாட்டினாள். எனக்கு வயிறு எரிவது இந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான். அவள் அப்போதே கத்தியிருக்க வேண்டும்.

முதல் பிரச்சினை, யார் யாரை அழைப்பது. பழைய பிரிவின் தலைவர் ஆறுமுகநயினார் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்துகொண்டு, திரையை மட்டும் விலக்கி, மைக்கில் பேசினார்.

"அழைப்பவன் மேலே, அழைக்கப்படுபவன் கீழே. மணியடித்தால் வருவதற்கு எங்கள் ஃபங்ஷன் என்ன பியூனா? இருபது வருஷ சர்வீஸ் அதற்கு."

ஜெயக்கொடி விடவில்லை. "தேவை இருக்கிறவன்தான் போய் அழைப்பான் சார். அப்படிப் பார்த்தால் அழைக்கிற நாங்கள்தான் கீழே. நாங்கள் ஏன் கீழே போகணும்?"

எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவர் கீழே போகவேண்டியிருந்தது. தவசிமுத்து போண்டாவைப் பிட்டபடி தீர்ப்புச் சொன்னார். இரண்டு மொழிகளும் நேருக்கு நேர் பேசவே வேண்டாம், நடுவில் ஒரு துபாஷி இருக்கட்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இந்தக் கரையில் வியாபாரம் அப்படித்தானே நடந்திருக்கிறது என்றார்.

துபாஷி ஏற்கெனவே இருந்தான். சுயம்பு என்று பெயர். சி என்கிற மூன்றாவது மொழி அவனுடையது. ஜாவா பேசுவதை வாங்கி ஃபோர்ட்ரானுக்குச் சொல்வதும், அது சொல்வதை வாங்கி இதற்குச் சொல்வதும் அவன் வேலை. கண்ணாடிச் சுவரின் கதவுக்கு நேர் கீழே, எந்தப் பக்கத்துக்கும் சேராமல், நிலைப்படியில் நாற்காலி போட்டிருந்தான். இரண்டு பக்கத்து போண்டாவும் அவனுக்கு வரும். பிரச்சினை தீர்ந்துவிட்டால் நாற்காலி போய்விடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"அழைக்கலாம்," என்றான் சுயம்பு. "ஆனா அழைச்சு முடிச்சதும் துடைக்கிறது யாரு?"

ரமாபாய் பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவனிடம் என்னவென்று கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. சுயம்புவே விளக்கினான். ஒரு மொழி இன்னொன்றை அழைக்கும்போது கொடுக்கல் வாங்கலையெல்லாம் கணினியின் நினைவில் ஓரிடத்தில் அடுக்கிவைக்கும். அழைப்பு முடிந்ததும் அந்த இடத்தை யாராவது சுத்தம் செய்ய வேண்டும். விருந்து முடிந்தபின் எச்சில் இலையை எடுப்பது விருந்துக்குக் கூப்பிட்டவரா, சாப்பிட்டவரா என்பதுதான் கேள்வி.

ஆறுமுகநயினார் எழுந்தே நின்றுவிட்டார். "எங்கள் பிரிவில் யாருக்கும் துடைத்துப் பழக்கம் இல்லை. எங்கள் பரம்பரையிலேயே கிடையாது."

"எங்க மொழியில் துடைக்கிற பேச்சே இல்லை சார்," என்றார் ஜெயக்கொடி. "குப்பை தானா அள்ளிப் போயிடும். யார் அள்றாங்க, எப்ப வர்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க பார்த்ததே இல்லை. பார்க்கவும் கூடாது. அதுதான் நவீனம்."

இந்த விவாதம் நெடுநேரம் நடந்தது. இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டின. நடுவில் பாரி மிஸ்டு கால் கொடுத்தான். ரமாபாய் மூலையில் போய்க் கூப்பிட்டாள்.

"இன்னாமே, இன்னும் வர்ல? அடுப்பு மேல குந்தினு கீற மாதிரி கீது."

"பேசினு கீறாங்கய்யா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் உனக்காவ குந்திகினு பேசறாங்க. யாரு தொடைக்கிறதுன்னு சண்டை."

"இன்னாத்த தொடைக்கிறது?"

"தெர்ல."

"நான் வந்து தொடைக்கிறேன்னு சொல்லு. தொறக்கச் சொல்லு மொதல்ல."

ரமாபாய் திரும்பி வந்தாள். மேசையெல்லாம் டீக்கறை, போண்டா எண்ணெய். பிரச்சினை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். "சார், துணி குடுங்க. நான் தொடச்சிடறேன்" என்றாள்.

தவசிமுத்து அவளைப் பார்த்தார். பிறகு ஆறுமுகநயினாரைப் பார்த்தார், ஜெயக்கொடியைப் பார்த்தார். மூன்று முகத்திலும் ஒரே நேரத்தில் நிம்மதி வந்தது. அத்தனை நேரத்தில் அவர்கள் மூவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். ஈரத்துணி வந்தது. ரமாபாய் அந்த நீள மேசையைக் கோடியிலிருந்து கோடிவரை அழுத்தித் துடைத்தாள். துடைப்புப் பிரச்சினைக்குச் சுமுகத் தீர்வு காணப்பட்டது என்று தவசிமுத்து அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இனி அழைக்கலாம்," என்றார் அவர். "எண்ணைக் கொடுங்கள்."

"எண்ணை எங்களிடம் கொடுக்கக் கூடாது," என்று மைக்கில் குரல் வந்தது. "எங்கள் மொழி எதையும் கையில் வாங்காது. எண் இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். தள்ளி நின்று பார்த்துக்கொள்வோம்."

"தோ, இங்க கீது சார்" என்று ரமாபாய் கண்ணாடிச் சுவரருகே போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஆறுமுகநயினார் குனிந்து பார்த்தார். உள்ளங்கையில் நீலமாக ஒரு தீற்றல் மட்டும் இருந்தது. எண் ஈரத்துணியோடு போயிருந்தது.

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். இங்கே யாரும் திட்டவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். புதிய பிரிவு ஏற்கெனவே அந்த எண்ணைத் தட்டியிருந்ததே, அதை எடுக்கலாமே என்று டீக்காரன் கேட்டான். அது அவர்களுடைய சொந்த எண்ணாகிவிட்டது, இன்னொரு மொழிக்குத் தரும் பழக்கம் இல்லை என்று ஜெயக்கொடி சிரித்த முகத்தோடு விளக்கினார். ரமாபாய் பாரியை அழைத்தாள். பாரி மறுபடி போன் வெளிச்சத்தைச் செவுத்தில் அடித்து, மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். அவள் இடது கையில் எழுதிக்கொண்டாள்.

"மே, பேட்டரி கடைசிக் கோடு காட்டுது. இனிமே நான் லைட்டு போட மாட்டேன். காத்து மட்டும் கதவு இடுக்குல கொஞ்சம் வருது. ஒண்ணும் இல்ல, நீ பேஜாராவாத."

அழைப்பு நடந்தது. ஜெயக்கொடியின் விரல் பொத்தானைத் தட்டியது, சுயம்புவின் கணினியில் ஒரு விளக்கு மின்னியது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ முனகியது. விடை வந்தது. எத்தனையாவது வரிசை, எத்தனையாவது பெட்டி, எத்தனையாவது அடுக்கு என்று திரையில் பளிச்சென்று தெரிந்தது. கழகத்தின் கிரேன் புறப்பட்டுப் போனதை ரமாபாய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தது. ஆட்கள் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே 'நல்வரவு' என்று எழுதிய ரப்பர் கால்மிதிகள் கூரைவரை இருந்தன.

அறையில் கைதட்டல் எழுந்தது.

"சார், அவர் இல்லியே சார்" என்றாள் ரமாபாய்.

"சகோதரி, இன்று நாங்கள் சோதித்தது அழைப்பை. அழைத்தோம், விடை வந்தது. அதோடு அழைப்பின் கடமை முடிந்தது. விடை சரியா தவறா என்பது வேறு துறை."

அப்போது பாரியின் மிஸ்டு கால். "மே, கிட்டதான் கீறாங்க. அடுத்த சந்துல பொட்டி எறக்குன சத்தம் கேட்டுச்சு. இப்படியே வரச் சொல்லு."

அவள் சொன்னதும் சுயம்புவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பழைய மொழி எதையும் ஒன்றிலிருந்து எண்ணும். புதிய மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணும். பழையது முதல் வரிசை என்றால் புதியது அதை இரண்டாவது என்று எடுத்துக்கொள்கிறது. வரிசையிலும் ஒன்று பிசகு, பெட்டியிலும் ஒன்று பிசகு, அடுக்கிலும் ஒன்று பிசகு. விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் பாரி கிடைத்துவிடுவான்.

"சுத்துவட்டாரத்துல நாலு பொட்டியைத் தொறந்து பாத்துருங்களேன் சார்" என்று கெஞ்சினாள் ரமாபாய்.

தவசிமுத்துவின் முகம் முதல்முறையாகக் கடுமையானது. "அதற்குப் பெயர் கைத்தேடல். என் கழகத்தில் கைத்தேடல் கிடையாது. ஒரு ஆளுக்காக நாற்பது பக்கத் தரச் சான்றிதழைக் கிழிக்கச் சொல்கிறீர்களா?"

ஒன்றைக் கழிப்பதுதான் பாக்கி. யார் கழிப்பது என்று கேள்வி வந்தது. பழைய மொழி சொன்னது சரியான விடை, அதில் கை வைத்தால் பழைய மொழி தப்பு என்று ஆகிவிடும் என்றார் ஆறுமுகநயினார். உலகமே பூஜ்யத்திலிருந்து எண்ணும்போது நாங்கள் ஏன் குனிய வேண்டும் என்றார் ஜெயக்கொடி. நடுவில் நிற்கிறவன் கணக்கில் கை வைத்தால் நாளைக்குப் பழி தன்மேல் விழும் என்று துபாஷி நழுவினான். சாப்பாட்டு வேளை வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். கடைசியில் தவசிமுத்து இரண்டு தரப்புக்கும் மனம் நோகாத ஒரு சமரசம் சொன்னார். ஆளுக்குப் பாதி. பழைய பிரிவு அரை கழிக்கட்டும், புதிய பிரிவு அரை கழிக்கட்டும்.

கீபோர்டு இல்லாததால் பழைய பிரிவு காகிதத்தில் அரை கழித்து நீட்டியது. புதிய பிரிவு, அவர்கள் தங்கள் பாதியை முழுசாகக் கழித்திருக்கிறார்களா என்று தெரிந்தபின் கழிப்பதாகச் சொல்லிக் காத்திருந்தது. கிரேனுக்கு அரை குறைந்த எண்கள்தான் போய்ச் சேர்ந்தன. அது இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, சந்துக்கு மேலே, எந்தப் பெட்டியையும் தொடாமல் கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கி பீடி பற்றவைத்தார்.

பாரி அழைத்தான். இந்த முறை மிஸ்டு கால் இல்லை. ரமாபாய் கேட்டதால் டீக்காரன் கடைக்குப் போய்ப் பாரியின் போனுக்குப் பத்து ரூபாய் ஏற்றியிருந்தான்.

"மே! தூக்குறாங்க மே. பொட்டி ஆடுது. கண்டுபுட்சிட்டாங்க."

ரமாபாய் ஜன்னலைப் பார்த்தாள். கிரேன் அப்படியே நின்றது. ஓட்டுநர் பீடியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"சார்கிட்ட சொல்லு, ரொம்ப தேங்க்ஸ்னு. பெரிய ஆளுங்க பெரிய ஆளுங்கதான். தோ, லாரில வச்சிட்டாங்க போல. ஆபீஸாண்ட கொண்ணாந்து எறக்குவாங்க, நீ வாசல்லயே நில்லு. சோறு எதுனா எடுத்துனு வந்தியா?"

"ம்" என்றாள் ரமாபாய். அவள் எதுவும் எடுத்து வந்திருக்கவில்லை.

"சார், தூக்குறாங்களாம். ஆனா உங்க கிரேன் நிக்குதே சார்."

தவசிமுத்து ஜன்னலருகே வந்து பார்த்தார். கடல் பக்கம், அடுக்குகளுக்குப் பின்னால், இன்னொரு கிரேனின் தலை அசைந்துகொண்டிருந்தது. "அது ஒப்பந்தக்காரருடையது. கப்பலுக்குக் காலிப் பெட்டி ஏற்றுகிறார்கள். காலிதானே, கைக்கு அகப்பட்டதைத் தூக்குவார்கள். நம் கணினியைக் கேட்பதில்லை. பின்தங்கிய முறை."

"நிறுத்தச் சொல்லுங்க சார்."

"எந்தப் பெட்டியை நிறுத்துவது?"

அவள் இடது கையை நீட்டினாள். எண் இன்னும் தெளிவாக இருந்தது.

"எண் மட்டும் போதாதம்மா," என்றார் தவசிமுத்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல. "இடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது தகவல். இடம் இல்லாத எண்ணை வைத்து ஒருவர் வேலையை நிறுத்தினால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள். விடை வரட்டும்."

ரமாபாய் படியில் விழுந்தடித்து ஓடினாள். யார்டு வாசலில் காவலாளி அவளைப் பிடித்துக்கொண்டான். ஹெல்மெட் இல்லை. அவள் அவனைக் கடித்தாள், அவன் விடவில்லை. காலையில் வழி சொன்ன அதே ஆள்தான், கண்ணில் தண்ணீரோடுதான் பிடித்திருந்தான், ஆனாலும் விடவில்லை. அடுக்குகளுக்கு மேலே செங்காவிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக எழும்பி அந்தப் பக்கம் இறங்கி மறைந்தன. எல்லாம் ஒரே நிறம். எல்லாம் ஒரே அளவு. எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து "யோவ், யோவ்" என்று கத்தினாள். போனில் பாரி, வண்டி நின்றுவிட்டது என்றும், மறுபடி தூக்குகிறார்கள் என்றும், என்னமோ மேலே மேலே சத்தமாக வைக்கிறார்கள், இருட்டு இன்னும் அதிகமாகிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரலில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "மே, இது ஆபீஸு இல்லியா மே?" என்று கேட்டான். அதற்குமேல் பேட்டரி இல்லை.

மாலை சாயும்போது மேலே கைதட்டலும் விசிலும் கேட்டன. துபாஷி யாருக்கும் தெரியாமல் முழு ஒன்றைத் தானே கழித்துவிட்டிருந்தான், வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்பதால். இரண்டு பிரிவுகளும் தோற்கவில்லை. டீக்காரன் ஓடிவந்து ரமாபாயைக் கூப்பிட்டான்.

மையத்தில் லட்டு வந்திருந்தது. திரையில் விடை மின்னியது. கப்பலின் பெயர், கப்பலில் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது அடுக்கு, கீழே ஒற்றைச் சொல்லில் நிலை. எல்லாம் துல்லியம். கப்பல் துறையிலிருந்து கம்பி வழியாக வந்த தகவல் பழைய மொழியில் ஏறி, துபாஷி வழியாகப் புதிய மொழிக்கு ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் வந்து சேர்ந்திருந்தது. நிலை 'புறப்பட்டது' என்று இருந்தது.

தவசிமுத்து பொன்னாடையை விரித்து ரமாபாயின் தோளில் போர்த்தினார்.

"தோழர்களே, இன்று இரண்டு மொழிகள் பேசிக்கொண்டன. இந்தச் சகோதரி கேட்டது ஒரே கேள்வி, 'எங்கே?' காலையில் நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. மாலையில் சொல்லிவிட்டோம். ஒரே நாளில். இவர்தான் நம் முதல் பயனாளி. எந்தப் பெட்டியும் தொலையாது என்று நாம் எழுதிவைத்திருப்பது வெறும் எழுத்து அல்ல. பாருங்கள், பெட்டி தொலையவில்லை. எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும்."

"கப்பலை நிறுத்துங்க சார்" என்றாள் ரமாபாய்.

"கப்பல் நம்முடையது அல்லவே அம்மா. அந்தக் கம்பெனியின் கணினியை நாம் அழைக்க வேண்டும். அது இன்னொரு மொழி. கவலைப்படாதீர்கள், நாளைக்கே ஒரு குழு போடுகிறேன். இன்றைய அனுபவம் கைகொடுக்கும்."

"போன் பண்ணியாச்சும் சொல்லுங்க சார். உள்ள ஒரு உசுரு கீதுன்னு."

"என்னவென்று சொல்ல? பதிவில் காலி என்று இருக்கிறது. நாமே நம் பதிவைத் தப்பு என்றால் அந்தக் கம்பெனிக்காரன் நம்மை மதிப்பானா?"

அவர் கையில் லட்டைக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. பொன்னாடை ஒரு பக்கம் நழுவித் தொங்க, கட்டைவிரலால் பாரியின் எண்ணைப் போட்டுக் காதில் வைத்தாள். அறையில் அந்த நேரம் பேச்சு அடங்கியிருந்ததால் போனுக்குள்ளிருந்து வந்த பெண் குரல் எல்லோருக்கும் கேட்டது. நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது. அதையே இங்கிலீஷில் சொன்னது. அதையே இந்தியில் சொன்னது.

தவசிமுத்து கையை உயர்த்தினார். "கேட்டீர்களா? மூன்று மொழி. எங்காவது தடுக்கியதா? யார் அழைத்தார்கள், யார் துடைத்தார்கள், யார் கழித்தார்கள், ஒன்றாவது வெளியே தெரிந்ததா? நாம் போகவேண்டிய தூரம் இதுதான்."

ஜெயக்கொடி எழுந்து கிட்டே வந்தார். ஆறுமுகநயினார், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தாண்டாத கண்ணாடிச் சுவரைத் தாண்டி வந்து, ஜெயக்கொடியின் தோளோடு தோள் நின்று போன் பக்கம் காதைச் சாய்த்தார்.

"இன்னொரு தடவை போடும்மா," என்றார்.

அவள் ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.